175 செ.மீ. உயரம், தை மாதம் திருமணம்: சேலைக் கரை பெரியதா சிறியதா?

நெட்டிலிங்கம் (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. உயரம் 5 அடி 9 அங்குலம், அதாவது 175 செ.மீ. தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை 5 அடி 7. அவருக்கு இதில் துளியும் வருத்தமில்லை. "பரண்மேல் இருப்பதை எடுக்க இனி ஏணி தேட வேண்டாம்" என்று சிரிக்கிறார். வருத்தமெல்லாம் இரண்டு வீட்டு அத்தைமார்களுக்கும் சித்திமார்களுக்கும்தான்.

அவர்கள் சொல்வது: அடர்நிறச் சேலை எடு, கரை ஒல்லியாக இருக்கட்டும், தலையில் உயரமாக எதையும் வைக்காதே, தட்டைச் செருப்பு போடு, மேடையில் கொஞ்சம் முட்டியை மடித்து நில். கடைசி யோசனையை ஒரு சித்தி செய்தே காட்டினார்.

எனக்கு உடம்பு ஒல்லி. கால்கள் நீளம், இடுப்புக்கு மேல் குட்டை. வங்கியில் வேலை என்பதால் தினமும் குர்தி அல்லது பருத்திச் சேலை. கடையில் வாங்கும் எந்தக் குர்தியும் தொடைப் பாதியில் நின்றுவிடுகிறது. அதிகம் பேசாத ஆள் நான். அதற்காக ஒளிந்துகொள்ளவும் விருப்பமில்லை. முகூர்த்தப் பட்டு, வரவேற்பு உடை, அன்றாட உடை எதைப் பற்றியும் சொல்லுங்கள். உயரமானவர்கள் சொன்னால் இன்னும் மகிழ்ச்சி.

ஸ்ரீரங்கத்து மாமி

தப்பாக எடுத்துக்கொள்ளாதே குழந்தை. உன் சித்தி முட்டியை மடிக்கச் சொன்னது அசட்டுத்தனம், அதை விட்டுவிடு. ஆனால் மற்றதில் விஷயம் இருக்கிறது. கல்யாண ஆல்பம் ஐம்பது வருஷம் வீட்டில் இருக்கும். பார்க்கிறவர்கள் "பெண் எத்தனை உயரம்!" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், ரவிக்கை மூன்றாவது நிறம் என்று எடு. கண் நின்று நின்று போகும், உயரம் குறைந்து தெரியும். நீளவாக்கில் கோடு போட்ட சேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் நாத்தனார் பெண்ணுக்கு அப்படித்தான் செய்தோம், நன்றாக இருந்தது.

பழைய கைப்பந்து (கோவை)

மாமிக்கு வணக்கம். நான் 5 அடி 11. கல்லூரி நாளில் கைப்பந்து ஆடியவள், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். ஒரு கேள்வி: மூன்று நிறம் எடுத்துக் கண்ணை நிறுத்தி நிறுத்தி அனுப்பிய பிறகு, அந்தப் பெண் எத்தனை அங்குலம் குறைந்தாள்?

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. நீங்கள் 175. இடையில் இருப்பது 23 செ.மீ., ஒரு முழத்தில் பாதி. இதை எந்த நிறமும் எந்தக் கரையும் மறைத்துவிடாது. மண்டபத்துக்குள் நுழைந்த நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே உயரத்தைக் குறைத்துக் காட்டும் வேலையை இன்றோடு நிறுத்திவிட்டு, துணி உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள். உயரமான பெண்கள் சேலையில் சரியாகத் தெரியாமல் போவதற்குக் காரணம் தொண்ணூறு சதவிகிதம் கணுக்கால்தான். சேலை தரையைத் தொடாமல் மூன்று அங்குலம் மேலே நின்றால், கட்டியிருப்பது எவ்வளவு விலை உயர்ந்த பட்டாக இருந்தாலும் கடன் வாங்கிக் கட்டியது போலத்தான் இருக்கும்.

கரையைப் பற்றி நெசவு தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

தறிவீட்டுப் பிள்ளை (காஞ்சிபுரம்)

சொல்கிறேன் அக்கா. அப்பாவும் தாத்தாவும் தறியில் இருந்தவர்கள். நான் இப்போது விற்பனைப் பக்கம்.

நிறத்துக்கும் கரைக்கும் முன்னால் அகலம். ஒரு சேலை 5.5 மீட்டர் நீளம், ரவிக்கைத் துணியோடு சேர்த்தால் 6.2 அல்லது 6.3 மீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். அகலத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. விசைத்தறியில் வரும் செயற்கை இழைச் சேலைகள் பல 43, 44 அங்குலத்தில் நின்றுவிடும். கைத்தறிப் பருத்தி பெரும்பாலும் 45 முதல் 47. காஞ்சிப் பட்டு 47, 48 வரை கிடைக்கும். இவை ஊருக்கு ஊர், தறிக்குத் தறி மாறும், ஆகவே அளக்காமல் எடுக்காதீர்கள்.

சகோதரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சேலை செருகும் இடத்திலிருந்து தரை வரை அளவுநாடாவை விடுங்கள். உங்கள் உயரத்துக்கு 42 அங்குலம் போல வரும். கால் நீளம் என்கிறீர்கள், 43 கூட இருக்கலாம். அன்றைக்குப் போடப்போகும் செருப்பின் குதிகால் 2 அங்குலம் என்றால் 45. உள்ளே செருக 2 அங்குலமாவது வேண்டும். ஆக 47க்குக் குறைந்த சேலை உங்களுக்கு ஆகாது. கடைக்குப் போகும்போது அளவுநாடாவைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

"எனக்கு 50 அங்குலத்தில் ஒரு சேலை நெய்து கொடுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். அது நினைப்பது போலச் சுலபமில்லை. அகலம் கூடினால் பாவு இழைகள் (நீளவாக்கு நூல்கள்) கூட வேண்டும், அவற்றைப் பிரித்துத் தாங்கும் தறிப் பாகங்களான பண்ணையும் விழுதும் அதற்கேற்ப மாற வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலைகள் நெய்கிறோம். ஒரே ஒரு சேலைக்காக அத்தனையையும் மாற்றினால் கூலி எங்கேயோ போய்விடும். மூன்றையும் எடுத்துக்கொள்ளக் குடும்பத்தில் ஆள் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது கரை. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கருவி), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. மூன்று நாடா ஓட்ட வேண்டும் என்பதால் நெசவாளருக்குப் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்த வேலையெல்லாம் முழுசாகக் கண்ணில் படுவது உங்களைப் போன்றவர்கள் கட்டும்போதுதான். 5 அடிப் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து தரை வரை 36 அங்குலம். அதில் 12 அங்குலக் கரை வைத்தால் மூன்றில் ஒரு பங்கு கரையே தின்றுவிடும். உங்களுக்கு 43இல் 12. கரைக்கு மேல் உடல் விரிந்து தெரிய இடம் இருக்கிறது. ஒல்லிக் கரை எடுத்தால் நேர்மாறாகிவிடும்: நீண்ட வெற்று உடல், அடியில் ஒரு நூல். நான் கடைக்காரனாகச் சொல்லவில்லை, பெரிய கரையில் எனக்கு லாபம் கூட என்பதும் உண்மைதான்.

உங்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது தாழம்பூ ரேக்குக் கரை (தாழை இதழ் போலக் கூர்முனைகள் வரிசையாக நிற்கும்), எட்டு முதல் பத்து அங்குலம். அல்லது கட்டம். "பாலும் பழமும்" கட்டத்தைக் குள்ளமானவர்கள் கட்டினால் கட்டங்கள் கொசுவத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

சின்னாளப்பட்டிச் சின்னவள்

நான் 4 அடி 11. தம்பி சொன்ன "தின்றுவிடும்" கணக்கில் நான் பல வருடமாகத் தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் ஒரு சாண் துணியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, மேல்கரையை யார் கண்ணுக்கும் காட்டாமலேயே வாழ்கிறேன். நெட்டிலிங்கம், உங்கள் சித்தியிடம் சொல்லுங்கள்: மிச்சமாகும் துணியை நான் அனுப்பி வைக்கிறேன்.

தையல்கடைக்காரி (மதுரை)

பட்டு எடுப்பதோடு வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உள்ளே போடுவதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

முதலில் உள்பாவாடை. கடையில் தைத்து விற்பது 38, 40 அங்குலம். உங்களுக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் என்று சொல்லவில்லை, ஆனால் கணுக்காலுக்கு மேல் நின்று, நடக்கும்போது அங்கேயே சேலை உள்பக்கம் ஒடுங்கும். வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் பாவாடை முடியும் கோடு தெரியும். 42, 43 அங்குலத்துக்குத் தைத்துக்கொள்ளுங்கள். பாவாடைத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். பருத்தி முதல் சலவையிலேயே சுருங்கும்.

அடுத்து, பிடித்துப்போன சேலை அகலம் குறைவு என்றால் அழ வேண்டாம். மேல் ஓரத்தில், இடுப்பில் செருகும் பக்கம், 4 அங்குல அகலத்தில் அதே நிறப் பருத்தித் துணியை ஒட்டித் தைக்கலாம். உள்முனையில் தொடங்கி கொசுவம் முடியும் இடம் வரை, மூன்றரை மீட்டர் போதும். முந்தானைப் பக்கம் போகக் கூடாது. ஒட்டு முழுவதும் பாவாடைக்குள் போய்விடும். என்னிடம் இதைச் செய்துகொண்டு போகும் பெண்களில் பாதிப் பேர் பாட்டி சேலை வைத்திருப்பவர்கள்.

நீளத்துக்கும் ஒரு வழி உண்டு. ரவிக்கைத் துணி உள்முனையில்தான் இணைந்திருக்கும். அதை வெட்டாமல் விட்டுவிடுங்கள். முதல் சுற்றில் அது உள்ளே மறைந்துவிடும், முந்தானைக்கு முக்கால் மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். ரவிக்கைக்குத் தனித் துணி ஒரு மீட்டர் எடுங்கள். 80 செ.மீ. துணியில் உங்களுக்கு முழங்கை வரை கை வைக்க நான் திணற வேண்டியிருக்கும்.

ரவிக்கையில் நெட்டிலிங்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மேல்உடல் குட்டை என்பதால் சாதாரண 14, 14½ அங்குல உயரமே போதும். இதே உயரத்தில் மேல்உடல் நீளமாக உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு மொத்த உயரத்தை மட்டும் கூட்டித் தைக்கும் தையற்காரர்கள் இருக்கிறார்கள். தோளிலிருந்து மார்பு முனை வரை உள்ள அளவையும் தனியாக எடுக்க வேண்டும், கைக்குழியும் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ரவிக்கை கீழே நீண்டிருக்கும், மேலே அக்குளைப் பிடிக்கும்.

குர்திக் கதை வேறு. S, M, L என்று அளவு ஏறும்போது சுற்றளவுதான் ஏறுகிறது, நீளம் அங்குலக் கணக்கில்கூட ஏறுவதில்லை. ஒல்லியான உயரப் பெண் நீளத்துக்காக XL எடுப்பாள். தோள் புஜத்துக்கு இறங்கிவிடும். பிறகு என்னிடம் கொண்டுவந்து பக்கவாட்டில் பிடித்துத் தைக்கச் சொல்வாள். தோளைப் பிரித்துச் செய்யாமல் அது நேராகாது. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பக்கவாட்டு வெட்டு எங்கே தொடங்குகிறது? உயரமானவர்களுக்கு அது இடுப்பெலும்புக்கு மேலேயே தொடங்கி, காற்றடித்தால் லெகிங்ஸின் எலாஸ்டிக் வரை காட்டும். இரண்டு, அனார்கலியில் இடுப்புத் தையல். அது இடுப்பில் உட்காராமல் விலாவில் ஏறி நிற்கும். மேல்உடல் குட்டையான உங்களுக்கு ஓரளவு தப்பும், மற்றவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

துணி எடுத்துத் தைப்பதுதான் என் யோசனை. சுடிதார் துணியில் மேலுக்கு 2.5 மீட்டர் கொடுப்பார்கள். 48 அங்குல நீளத்துக்கு அது முன்னும் பின்னும் போனால் தீர்ந்தது; கைக்கு ஒட்டுப் போட வேண்டிவரும். வெட்டித் தரும் கடையில் 3 மீட்டராகக் கேளுங்கள்.

கணக்கு ஆசிரியை (சேலம்)

மாமி சொன்ன "நீளக் கோடு உயரமாக்கும், குறுக்குக் கோடு குறைக்கும்" என்பதை நான் எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இலேயே இதற்கு எதிரான ஒன்றைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்கள். ஒன்றில் குறுக்குக் கோடுகள், மற்றதில் நெடுக்குக் கோடுகள். குறுக்குக் கோடு போட்ட சதுரம்தான் உயரமாகவும் ஒடுங்கியும் தெரியும். பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சன் இதைப் பெண் உருவங்களில் போட்டுச் சோதித்தார். குறுக்குக் கோடு உடையில் உருவம் பருமனாகத் தெரியவில்லை. ஒரே அளவாகத் தெரிய வேண்டுமானால் குறுக்குக் கோடு உருவத்தைச் சற்று அகலமாகவே வரைய வேண்டியிருந்தது.

இரண்டு நிமிடத்தில் தாளில் வரைந்து பார்க்கலாம். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்து பார்த்து என்னையே நம்பவில்லை.

ஸ்ரீரங்கத்து மாமி

ஜெர்மனிக்காரர் சேலை கட்டிப் பார்த்தாரா? சதுரம் வேறு, பெண் வேறு. கொசுவம் விழுந்தால் கோடே வளைந்துபோகும்.

கணக்கு ஆசிரியை (சேலம்)

நியாயமான கேள்வி மாமி. சேலையில் யாரும் சோதித்ததாக நான் படிக்கவில்லை. கொசுவத்தில் விழும் மடிப்புகள் தாமே நெடுக்குக் கோடுகள் என்பதால், சேலையில் குறுக்கும் நெடுக்கும் எப்போதும் கலந்துதான் இருக்கும். நான் சொல்ல வந்தது, கோட்டை நம்பி ஒரு சேலையை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டாம் என்பதுதான்.

தேம்ஸ் கரையாள் (லண்டன்)

நான் யாழ்ப்பாணம், இருபது வருடமாக இங்கே. 5 அடி 10. நெட்டிலிங்கத்துக்கு நேர்மாறான உடம்பு எனக்கு: தோள் அகலம், மேல்உடல் நீளம், கால்கள் உயரத்துக்கு ஏற்ற அளவில் இல்லை. உயரமான பெண் என்றால் ஒரே வடிவம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இங்கே உயரமானவர்களுக்கென்றே தைக்கும் நிறுவனங்கள் உண்டு. லாங் டால் சாலி 1976இல் லண்டனில் தொடங்கியது. கால்சட்டைகளை உள்தையல் 34, 36, 38 அங்குலம் என்று பிரித்து விற்பார்கள். நான் வந்த புதிதில் அதைக் கண்டு துள்ளினேன். ஆனால் என் சிக்கல் கால் நீளத்தில் இல்லை, இடுப்புக்கும் தொடைக்கவட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தில் என்பது பிறகுதான் விளங்கியது. மேல்உடல் நீளமானவர்கள் உட்கார்ந்தால் கால்சட்டை பின்னால் இறங்கிவிடும். உயர்ந்த இடுப்புள்ள கால்சட்டை எடுத்தால் அதுவும் தீரும், கால்களும் நீண்டு தெரியும். மேற்சட்டையை உள்ளே விட்டுக் கட்டினால் இன்னும் நன்று.

அகலமான தோளுக்குச் சாறியைப் போல நல்ல உடுப்பு இல்லை. முந்தானை ஒரு தோளில் குறுக்காக விழுந்து இரண்டு தோளின் அகலத்தையும் உடைத்துவிடுகிறது. மடிப்பு எடுத்து ஊசி குத்துவதை விட ஒற்றையாக விட்டால் எனக்கு அழகு. ரவிக்கைக் கையைத் தோள் எலும்போடு முடிக்காமல் முழங்கைக்குக் கொண்டுபோய்விடுவேன். படகுக் கழுத்து எனக்கு ஆகாது, ஒல்லித் தோள்காரிகளுக்கு அது அருமை.

துணியின் எடையையும் பாருங்கோ. ஒல்லியானவர்கள் விறைப்பான துணி எடுக்கலாம்: கஞ்சி போட்ட பருத்தி, கோரா (பிசின் நீக்காத பட்டு), ஆர்கன்சா. உடம்பில் ஒட்டாமல் நிற்கும். எனக்கு அதெல்லாம் கூடாரம். கிரேப், மைசூர்ப் பட்டு போல வழிந்து விழுவதே சரி.

நெட்டிலிங்கம் (திருச்சி)

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை. அளவுநாடா வைத்து அளந்துவிட்டேன், 43. வீட்டில் இருக்கும் சேலைகளை அளந்தபோது ஏன் சிலவற்றைக் கட்டவே பிடிக்காமல் போனது என்று தெரிந்துவிட்டது, எல்லாம் 44க்குள்.

ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. என் சுபாவம் அமைதியானது. பத்து அங்குலக் கரையும் பெரிய கட்டமும் எனக்குள் இருக்கும் ஆளுக்குப் பொருந்துமா? உயரமே எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கிறது. சேலையும் சேர்ந்து கூவினால் எனக்கு மூச்சு முட்டும். குதிகால் விஷயத்திலும் முடிவுக்கு வர முடியவில்லை.

பழைய கைப்பந்து (கோவை)

நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. உடம்பு வடிவத்துக்கு விடை அளவுநாடாவில் இருக்கிறது. சுபாவத்துக்கு அப்படி ஒரு நாடா இல்லை.

எங்கள் அணியில் என்னைவிட உயரமான ஒருத்தி இருந்தாள், வாயே திறக்கமாட்டாள். அவளுக்கு உடை விஷயத்தில் எல்லோரும் கொடுத்த அறிவுரை, சாம்பல், பழுப்பு, தொளதொளவென்று எதையாவது போட்டுக்கொள் என்பது. போட்டாள். அதற்குப் பிறகு மக்கள் அவளை இன்னும் அதிகமாகப் பார்த்தார்கள், ஏனென்றால் ஆறு அடிக்குத் தொளதொளப்பு என்பது ஒரு பெரிய துணி மூட்டை. அமைதியான உடை என்றால் மங்கலான உடை இல்லை. ஒரே நிறத்தில் ஆழமான பட்டு, உடலில் புட்டா (சின்னப் பூவேலை) எதுவும் இல்லாமல், கரை அதே நிறத்தின் இன்னொரு சாயலில். கரை பத்து அங்குலம் இருந்தாலும் ஜரிகை குறைவாக, நிறமாற்றம் மெதுவாக இருந்தால் கூவாது. கூவ வைப்பது அளவு இல்லை, நிற முரணும் மினுமினுப்பும். நேர்மாறாக, சின்னச் சின்ன புட்டாக்களை உடல் முழுக்க இறைத்த சேலை உங்கள் உயரத்தில் பரபரப்பாகத் தெரியும். அத்தனை பெரிய பரப்பில் அத்தனை புள்ளிகள்.

எனக்கு வாய் நீளம் என்பதால் நான் மாம்பழ மஞ்சளும் நீலமும் சேர்ந்த கங்கா யமுனா கரை கட்டுவேன். அது என் குணம்.

நகைக்கும் இதுவே. நீண்ட கழுத்துக்கு ஒற்றை அட்டிகை போதும், அதற்குக் கீழே வெற்றிடம் அழகு. அடுக்கடுக்காக ஆரம் போடச் சொல்வார்கள். உங்களுக்கு மேல்உடல் குட்டை, இடமில்லை, தேம்ஸ் கரையாளுக்கு இருக்கிறது. ஒட்டியாணம் வேண்டுமென்றால் மெல்லியது, இல்லாவிட்டால் ரவிக்கைக்கும் அதற்கும் நடுவே ஒன்றுமே மிஞ்சாது.

குதிகாலைப் பற்றி: மாப்பிள்ளைக்கு வருத்தமில்லை என்றால் மற்றவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் முகூர்த்தத்தில் செருப்பே கிடையாது, மணையில் உட்கார்ந்திருப்பீர்கள். வரவேற்பில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். உயரத்துக்காக இல்லை, கால்வலிக்காகத் தட்டையாகப் போடுங்கள். எதுவானாலும் செருப்பை முடிவுசெய்த பிறகு சேலைக்கு ஃபால்ஸ் தையுங்கள், பாவாடை நீளத்தையும் அதைப் போட்டுக்கொண்டே அளவெடுங்கள்.

பி.வி.சிந்து கிட்டத்தட்ட 5 அடி 10. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சரத் கமலோடு தேசியக் கொடி ஏந்தி வந்தபோது சேலை உடைதான். அந்த உடையின் அச்சு வேலைப்பாட்டைப் பலர் கரித்துக்கொட்டினார்கள், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் நின்ற நிமிர்வைப் பாருங்கள். மட்டமான துணிகூட அந்த நிமிர்வில் தப்பித்துக்கொண்டது.

ஸ்ரீரங்கத்து மாமி

நிமிர்வு சரி. இதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் மேடையில் போட்டோக்காரர் இருவரையும் ஒட்டி நிறுத்திக் கீழேயிருந்து எடுத்தால், உயரமானவர் இன்னும் உயர்ந்து தெரிவார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேமராவை நெஞ்சு மட்டத்துக்கு ஏற்றச் சொல். உட்கார்ந்து நிறையப் படம் எடு. கால்தான் நீளம் என்கிறாயே, உட்கார்ந்தால் இரண்டு பேரும் ஒரே உயரம் வருவீர்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கம்போல ஒன்பது கஜம் உண்டா? உண்டென்றால் அகலத்தை அங்கேயும் பார். மடிசாரில் இடது கால் பக்கம் சட்டென்று மேலேறிவிடும்.

பழைய கைப்பந்து (கோவை)

மாமி, கேமரா யோசனைக்கு நூறு மதிப்பெண்.

கருவேப்பிலை (தஞ்சாவூர்)

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். என் மகளுக்கு 15 வயது, 170 செ.மீ. இன்னும் வளர்கிறாள். பள்ளிச் சீருடை ஆறு மாதத்தில் குட்டையாகிவிடுகிறது. உடன் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்வதால் கூன் போட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். பண்டிகைக்கு என்ன எடுத்தாலும் "எனக்கு எதுவும் நன்றாக இருக்காது" என்கிறாள். பாவாடை தாவணி எடுக்கலாமா?

தையல்கடைக்காரி (மதுரை)

தாராளமாக எடுங்கள் அம்மா. வளரும் பிள்ளைக்குத் தாவணியைப் போலச் சௌகரியமானது கிடையாது. சின்ன வயதில் பட்டுப்பாவாடைக்கு உள்மடிப்பு வைத்துத் தைத்து, வருடா வருடம் ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவோமே, அதையே இப்போதும் செய்யலாம். கரைக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஒன்றரை அங்குல மடிப்பு இரண்டு. பிரித்தால் மூன்று மூன்றாக ஆறு அங்குலம் இறங்கும். பட்டில் பழைய தையல் தடம் தெரியும் என்பதால் அந்த இடத்தில் மெல்லிய ஜரிகைப் பட்டையை முதலிலேயே வைத்துவிடுங்கள், பிரித்த பிறகும் அலங்காரம் போல நிற்கும்.

சீருடைக்கும் அப்படியே. துணி எடுக்கும்போதே கால் மீட்டர் கூட எடுத்து, கீழ்மடிப்பை 4 அங்குலம் விடச் சொல்லுங்கள். சுடிதார் கைக்கும் ஒரு மடிப்பு.

கூனுக்கு உடையில் ஒரு காரணமும் இருக்கலாம், கவனித்துப் பாருங்கள். சட்டை முதுகில் குட்டையாக இருந்தால் பிள்ளைகள் அதை இழுத்துவிட்டுக்கொண்டே முன்னால் குனிவார்கள். மார்பு வளரும் வயதில் சரியான உள்ளாடை இல்லாவிட்டாலும் குனிவார்கள். இந்த இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள். "நிமிர்ந்து நில்" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வதால் என் கடைக்கு வந்த எந்தப் பெண்ணும் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

தேம்ஸ் கரையாள் (லண்டன்)

கருவேப்பிலை அக்கா, அவளையே கடைக்குக் கூட்டிப்போய் நிறத்தை அவளே எடுக்க விடுங்கோ. எனக்குப் பதினைந்தில் அம்மா எடுத்ததெல்லாம் மண்ணிறம். முதல் சம்பளத்தில் வாங்கியது செம்பருத்திச் சிவப்பு.

சின்னாளப்பட்டிச் சின்னவள்

கடைகளில் நமக்கு ஏற்ற அளவே ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லையே? குட்டைக்கும் இல்லை, நெட்டைக்கும் இல்லை. எல்லா குர்தியும் ஏதோ ஓர் அயல்நாட்டு அட்டவணையில் தைத்தது போலவே இருக்கிறது.

கணக்கு ஆசிரியை (சேலம்)

பெரும்பாலும் அப்படித்தான். அமெரிக்க, பிரிட்டிஷ் அட்டவணைகளைக் கொஞ்சம் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்டும் "இந்தியா சைஸ்" என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கின. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது திட்டம். நமக்கென்று ஓர் அட்டவணை வந்தாலும் அது நடுத்தர உயரத்தைத்தான் முதலில் கவனிக்கும். இரண்டு ஓரங்களில் இருக்கும் உங்களுக்கும் நெட்டிலிங்கத்துக்கும் தையல்கடைதான் கதி என்று நினைக்கிறேன்.

தையல்கடைக்காரி (மதுரை)

எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

நெட்டிலிங்கம் (திருச்சி)

நேற்று அம்மா, இரண்டு சித்திகள், அளவுநாடா எல்லோரும் சேர்ந்து போனோம். முகூர்த்தத்துக்கு அரக்கில் ஒரே நிறம், உடலில் ஒன்றுமில்லை, அதே அரக்கின் சற்று இருண்ட சாயலில் ஒன்பது அங்குலத் தாழம்பூ ரேக்குக் கரை. அகலம் 48. கடைக்காரர் இரண்டாவது முறை அளந்து காட்டியபோது முட்டியை மடிக்கச் சொன்ன சித்திதான் "இன்னொரு தடவை இழுத்துப் பிடித்து அளங்கள்" என்றார். வரவேற்புக்கு இளம்பச்சையில் கோரா. ரவிக்கை இரண்டுக்கும் தனித் துணி ஒரு மீட்டர், முழங்கைக் கை.

கோரா மட்டும் 46தான் இருக்கிறது. மேலோரத்தில் ஒட்டு வைக்கலாமா, அல்லது விறைப்பான துணி என்பதால் இடுப்பில் புடைத்துத் தெரியுமா? வரவேற்புக்குத் தட்டைச் செருப்புதான்.

தையல்கடைக்காரி (மதுரை)

தட்டைச் செருப்பு என்றால் ஒட்டே வேண்டாம். 43 போக 3 அங்குலம் செருக இருக்கிறது. கோராவைக் கட்டும் முன் ஒருமுறை உலர்சலவைக்குக் கொடுங்கள், முதல் விறைப்பு அடங்கும். கொசுவத்தை ஏழுக்குப் பதில் ஐந்தாக எடுங்கள். பாவாடை நாடாவை வழக்கத்தைவிட அரை அங்குலம் இறக்கிக் கட்டிப் பாருங்கள். அப்படியும் போதவில்லை என்று தோன்றினால், "வாயில்" (voile) என்னும் மெல்லிய பருத்தித் துணியில் 3 அங்குல ஒட்டு மட்டும் வையுங்கள். கோராவிலேயே வைத்தால் நீங்கள் சொன்னது போலப் புடைக்கும்.